வங்கம் ஈன்ற விஞ்ஞானி ஜகதீச சந்திர போஸ்

உத்தியோகம் காரணமாகத் தமிழகம் நீங்கி வங்கத்தில் வந்து குடியேறியிருக்கும் நமக்கு, இம்மண் ஈன்ற பெரியோர்களின் வரலாற்றை அறிந்துகொள்ளுதல் நல்லது. கவி இரவீந்திரரையும் சுவாமி விவேகானந்தரையும் நம் காலனிச் சிறுவர்களும் அறிவர். ஸர் ஜகதீச சந்திர போஸ் என்றாலோ, செடிகொடிகளுக்கும் உணர்ச்சி உண்டென்று காட்டியவர் என்ற ஒரு வரியோடு நின்றுவிடுகிறார்கள். செடிகொடிகளிடம் செல்வதற்கு முன்னர், கம்பியில்லாத் தந்திக்கு இன்றியமையாத ஏற்புக் கருவியின் மின்சுற்றில் அவர் ஆறேழு ஆண்டுகள் உழைத்து, உலகில் வேறெவரும் எட்டாத இடத்தை எட்டினார் என்பது பலருக்குத் தெரியாது. தெரிந்த சிலரோ, மார்க்கோனி என்னும் இத்தாலியர் இவருடைய கருவியைக் களவாடிப் புகழ் பெற்றார் என்று மேடைதோறும் முழங்குகின்றனர். உண்மை இவ்விரண்டுக்கும் நடுவே இருக்கிறது. பள்ளிப் படிப்போடு நின்றுவிட்ட ரயில்வே குமாஸ்தாவாகிய யான், படித்தும் கேட்டும் அறிந்த அளவில் அதனை ஈண்டு எடுத்துரைக்க முற்படுகிறேன்.

போஸ் 1858-ஆம் ஆண்டு நவம்பர் 30-ஆம் நாள், இப்போது பங்களாதேசத்தைச் சேர்ந்த மைமன்சிங் நகரில் பிறந்தார். தந்தை பகவான் சந்திர போஸ் ஒரு டிபுடி மாஜிஸ்திரேட். ஆங்கிலப் பள்ளியில் பிள்ளையைச் சேர்ப்பதே அக்கால அதிகாரிகளுக்குக் கௌரவம். பகவான் சந்திரரோ மகனைத் தாய்மொழிப் பாடசாலைக்கு அனுப்பினார். மீனவர் வீட்டுப் பிள்ளையும் தம் சேவகரின் பிள்ளையும் உடன் அமர்ந்து படிக்க, வங்க மொழியில் எழுத்தறிந்தார் ஜகதீசர். சிறுவனைத் தோளில் சுமந்து பள்ளிக்கு அழைத்துச் சென்றவன் ஒரு பழைய கொள்ளைக்காரன் என்பர். பகவான் சந்திரரே அவனுக்குச் சிறைத் தண்டனை விதித்தவர். விடுதலையாகி வந்து பிழைக்க வழியில்லை என்று அவன் நின்றபோது, அவரே தம் வீட்டில் வேலைக்கு வைத்துக்கொண்டார். வயலும் ஆறும் மீனும் பறவையும் அந்நாளிலேயே சிறுவனின் பாடப் புத்தகங்களாயின.

பின்னர்க் கல்கத்தாவில் செயிண்ட் சேவியர் கலாசாலையில் லபோன் என்னும் பாதிரியாரிடம் பௌதிகம் பயின்றார். பரிசோதனைகளைக் கண்முன் செய்து காட்டிப் பாடம் நடத்துவதில் அப்பாதிரியார் பேர்பெற்றவர். 1880-இல் ஜகதீசர் இங்கிலாந்து சென்றார். முதலில் இலண்டனில் மருத்துவம் படித்தார். உடலைப் பற்றியிருந்த விஷக்காய்ச்சல் விடாததால் அதனைக் கைவிட்டுக் கேம்பிரிட்ஜில் சேர்ந்து, ரேலி பிரபுவிடம் பௌதிகம் கற்றார். இரு பட்டங்களோடு நாடு திரும்பிய அவருக்கு 1885-இல் கல்கத்தா பிரஸிடென்ஸி கலாசாலையில் பௌதிகப் பேராசிரியர் வேலை கிடைத்தது.

வேலை கிடைத்ததே தவிர, சம்பளத்தில் வேற்றுமை இருந்தது. ஐரோப்பியர் பெறுவதில் மூன்றில் இரண்டு பங்குதான் இந்தியருக்கு. இவருடையது தற்காலிக நியமனம் என்பதால் அதிலும் பாதி. போஸ் வேலையை விடவில்லை. வகுப்பில் ஒரு நாளும் குறை வைக்கவில்லை. மாதந்தோறும் வந்த சம்பளத்தை மட்டும் தொட மறுத்தார். இவ்வாறு மூன்று ஆண்டுகள் கழிந்தன. தந்தையோ தேயிலைத் தோட்டம் முதலிய முயற்சிகளில் பொருளிழந்து பெருங்கடனில் இருந்தார். 1887-இல் போஸுக்குத் திருமணமும் நடந்தது. மாதம் பிறந்தால் சம்பளப் பட்டியலை நோக்கி நிற்கும் நம்மைப் போன்றோருக்கே அம்மூன்று ஆண்டுகளின் பாரம் விளங்கும். இறுதியில் கலாசாலைத் தலைவரும் கல்வி இலாகா டைரக்டரும் மனம் மாறினர். முழுச் சம்பளமும் நியமன நாள் முதலே கணக்கிட்டு மொத்தமாக வழங்கப்பட்டது. அத்தொகை தந்தையின் கடனை அடைக்கச் சென்றது.

அவர் மணந்த அபலா அம்மையாரைப் பற்றி நம் சங்கத்து மகளிர் அறிய வேண்டிய செய்தி ஒன்றுண்டு. கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் அந்நாளில் பெண்களைச் சேர்ப்பதில்லை. ஆகவே அவர் 1882-இல் உபகாரச் சம்பளம் பெற்றுத் தனியாகச் சென்னைக்குச் சென்று மருத்துவம் படித்தார். உடல்நலம் இடம் கொடாததால் படிப்பை முடிக்கவில்லை. வங்கத்துப் பெண்ணுக்கு வங்கம் திறவாத கதவைச் சென்னை திறந்தது என்பதில் நமக்குச் சிறிது பெருமை கொள்ளலாம். சம்பளமின்றிக் காலந்தள்ளிய நாட்களில் இத்தம்பதியர் சந்திரநாகூரில் ஆற்றங்கரை வீட்டில் குடியிருந்தனராம். போஸ் படகோட்டி எதிர்க்கரை சேர்ந்து ரயிலேறிக் கல்கத்தா செல்வார் என்றும், அம்மையார் படகைத் திருப்பி ஓட்டி வருவார் என்றும் அவர் வரலாற்றை எழுதியோர் கூறுவர்.

1894-ஆம் ஆண்டு நவம்பர் 30-ஆம் நாள் அவருக்கு முப்பத்தாறு வயது நிரம்பியது. இனி ஆராய்ச்சியே வாழ்வு என்று அன்று உறுதி பூண்டார். ஜெர்மானிய அறிஞர் ஹெர்ட்ஸ் மின்காந்த அலைகளைச் சில ஆண்டுகளுக்கு முன்பே பரிசோதனையில் உண்டாக்கிக் காட்டி, அவ்வாண்டின் தொடக்கத்தில் இளவயதிலேயே மறைந்திருந்தார். அவருடைய ஆராய்ச்சியை விளக்கி ஆலிவர் லாட்ஜ் இலண்டனில் ஆற்றிய சொற்பொழிவு அச்சாகிக் கல்கத்தாவை அடைந்தது. அதைப் படித்த போஸ், கலாசாலையில் குளியலறையை ஒட்டியிருந்த ஒரு சிற்றறையில் வேலையைத் தொடங்கினார். அரசாங்க உதவி இல்லை. ஆராய்ச்சிக் கருவி செய்து பழக்கமில்லாத உள்ளூர்த் தகரக் கொல்லர் ஒருவரே துணை.

இங்கே அவருடைய யுக்தியைச் சற்று நின்று நோக்குதல் வேண்டும். ஹெர்ட்ஸ் கையாண்ட அலைகளின் நீளம் முழக்கணக்கிலும் அதற்கு மேலும் இருந்தது. ஒளியைப் போலவே இவ்வலைகளும் வளையும், திரும்பும், முனைப்படும் என்று நிரூபிக்க வேண்டுமானால், அலையைவிடப் பன்மடங்கு பெரிய முப்பட்டகமும் வில்லையும் தேவை. அத்தனை பெரிய கருவிகளுக்குச் சிற்றறையில் இடமேது? கருவியைப் பெரிதாக்க இயலாதாகையால் போஸ் அலையைச் சிறிதாக்கினார். பிளாட்டினக் குமிழ்களிடையே மின்பொறி பாயச் செய்து, 5 மில்லிமீட்டர் அளவுக்குக் குறுகிய அலைகளை எழுப்பினார். விநாடிக்கு 6,000 கோடி அதிர்வுகள் கொண்ட அலை அது. இப்போது அவருடைய கருவிகள் யாவும் ஒரு மேசைமேல் அடங்கின. அலை வெளிப்பட ஓர் உலோகக் குழாய். வரும் அலையைத் திரட்டிக் கொடுக்கப் புனல் போன்ற வாய். இவ்விரண்டும் இன்று அலைவழிகாட்டி என்றும் கொம்பு வடிவ ஏரியல் என்றும் பெயர் பெற்று, ரேடார் நிலையங்களிலும் செயற்கைக்கோள் நிலையங்களிலும் நிற்கின்றன.

அலையின் அதிர்வை ஒரே தளத்தில் நிறுத்துவதற்கு ஒரு வடிகட்டி வேண்டியிருந்தது. போஸ் எடுத்துக்கொண்ட பொருளைக் கேட்டால் ரயில்வேக்காரர்கள் மகிழ்வர். பிராட்ஷா என்னும் ரயில்வே கால அட்டவணைப் புத்தகத்தை எடுத்து, அதன் ஏடுகளுக்கிடையே ஈயத்தகடு போன்ற மெல்லிய வெள்ளீயத் தாள்களைச் செருகினார். காகிதமும் உலோகமும் மாறி மாறி அடுக்கிய அப்புத்தகம் ஒருபுறம் திருப்பினால் அலையை விட்டது. மறுபுறம் திருப்பினால் தடுத்தது. நம் ஆபீசுகளில் காலாவதியான கால அட்டவணை மேசைக்கால் ஆடாதிருக்க அண்டை கொடுக்கவே பயன்படும்! மற்றொரு பரிசோதனைக்கு வங்கத்துச் சணலை முறுக்கி வைத்து, அலையின் தளம் திரும்புவதைக் காட்டினார். கைக்கு எட்டிய பொருளே அவருக்குக் கருவியாயிற்று.

1895-இல் கல்கத்தா டவுன் ஹாலில் பொதுமக்கள் முன்னிலையில் ஒரு காட்சி நடந்தது. ஓரிடத்தில் எழுப்பிய அலை, இடையிலிருந்த சுவரைக் கடந்தது. அங்கே அமர்ந்திருந்த லெப்டினண்ட் கவர்னரின் பருத்த உடலையும் கடந்து சென்று, தொலைவில் மணியை ஒலிப்பித்து, வெடிமருந்தைக் கொளுத்தியது. கம்பி ஏதுமில்லை. மார்க்கோனி தம் கருவியை எடுத்துக்கொண்டு இங்கிலாந்து சேர்ந்தது 1896-இல்தான். அதே ஆண்டு போஸும் இங்கிலாந்து சென்று விஞ்ஞானிகள் முன் தம் கருவிகளை விளக்கினார். முதுபெரும் அறிஞர் கெல்வின் பிரபு, மகளிர் அமர்ந்திருந்த மாடத்துக்கு நொண்டியபடியே ஏறிச் சென்று அபலா அம்மையாரைப் பாராட்டினார் என்பர். 1897 ஜனவரி 29-ஆம் நாள், ராயல் இன்ஸ்டிடியூஷன் வெள்ளிக்கிழமைச் சொற்பொழிவு மேடை போஸுக்கு அளிக்கப்பட்டது. அவ்வாண்டுகளின் நடுவே கூந்தல் தைலக் கம்பெனி ஒன்று நடத்திய கதைப் போட்டிக்கு, கடலில் எழுந்த புயல் தைலத்தால் அடங்கியதாக வேடிக்கைக் கதை ஒன்று எழுதிப் பரிசும் பெற்றார்! வங்க மொழியின் முதல் விஞ்ஞானக் கதைகளுள் ஒன்றாக அதனை எண்ணுகின்றனர்.

அலையை எழுப்புவது ஒரு பாதி. வந்த அலையை அறிவது மறுபாதி. மறுபாதியே கடினமானது. அக்காலத்து ஏற்புக் கருவி, இரும்புத் தூள் அடைத்த ஒரு கண்ணாடிக் குழல். அலை பட்டவுடன் தூள்கள் ஒன்றோடொன்று ஒட்டி மின்சாரத்துக்கு வழிவிடும். சுற்றில் மின்னோட்டம் பாய்ந்து மணி ஒலிக்கும். ஆனால் ஒட்டிய தூள் தானாகப் பிரியாது. ஒவ்வொரு முறையும் குழலைத் தட்ட வேண்டும். தட்டியபின் மறுமுறை அதே அளவு உணர்வு இருக்குமென்ற நிச்சயமும் இல்லை. ஒரு முறை கேட்டு, தோளைத் தட்டினாலன்றி மறுமுறை கேளாத சிப்பந்தியைத் தந்திக் கருவியருகே உட்காரவைத்தது போன்ற நிலை!

போஸ் தூளை நீக்கிவிட்டுச் சின்னஞ்சிறு எஃகுச் சுருள்விற்களை வரிசையாக அடுக்கினார். ஒரு திருகைத் திருப்பி அவற்றிடையே உள்ள அழுத்தத்தை வேண்டிய அளவு வைத்தார். சுற்றில் எவ்வளவு மின்னழுத்தம் இருந்தால் கருவி மிகக் கூர்மையாக உணரும் என்று கண்டு, அவ்வளவே கொடுத்தார். இக்காலத்து வானொலிச் சுற்றுக்களில் ஒவ்வோர் உறுப்புக்கும் தொடக்க மின்னழுத்தம் அமைத்துக் கொடுக்கும் முறைக்கு இதனை ஒரு முன்னோடி எனலாம். பிறகு உலோகங்களை ஒவ்வொன்றாக எடுத்துச் சோதித்தார். சில அலை பட்டால் மின்சாரத்துக்கு மேலும் வழிவிட்டன. சில தடை செய்தன. சில தாமே பழைய நிலைக்கு மீண்டன. தானே மீளும் ஏற்புக் கருவியைப் பற்றிய அவருடைய ஆராய்ச்சி 1899-இல் இலண்டன் ராயல் சொஸைட்டியின் வெளியீட்டில் வந்தது. பாதரசமும் இரும்பும் தொடும் இடத்தைக் கொண்டு, டெலிபோனைக் காதில் வைத்துக் கேட்கும் ஏற்பாடு அது. தட்ட வேண்டிய தேவை ஒழிந்தது.

1901 டிசம்பர் 12-ஆம் நாள், இங்கிலாந்துக் கரையிலிருந்து அட்லாண்டிக் சமுத்திரத்தைத் தாண்டி நியூபவுண்ட்லாந்தில் மார்க்கோனி காதில் வைத்துக் கேட்ட மூன்று புள்ளிகள் உலகப் புகழ் பெற்றவை. மோர்ஸ் தந்தி முறையில் அவை ஓர் எழுத்து. அதைக் கேட்க அவர் கையாண்டதும் பாதரசம் கொண்ட, தானே மீளும் கருவியே. இத்தாலியக் கடற்படையைச் சேர்ந்த நண்பர் ஒருவர் அதனை அவருக்குக் கொடுத்திருந்தார். அதன் மூலம் எது என்ற வழக்கு அப்போதே எழுந்தது. அது போஸ் 1899-இல் வெளியிட்ட அமைப்பே என்று 1998-இல் விரிவான ஆராய்ச்சிக் கட்டுரை ஒன்று வாதிட்டது. இத்தாலியக் கடற்படைச் சிப்பந்தி ஒருவரின் கண்டுபிடிப்பு என்பாரும் உளர்.

இதை வைத்துக்கொண்டு மார்க்கோனியைக் கள்வர் என்பது நியாயமன்று என்பது என் துணிபு. போஸ் அவ்வமைப்பை அச்சிட்டு உலகுக்கு வழங்கினார். வழங்கிய பொருளை எடுத்தாள்வது களவாகாது. பெயரைச் சொல்லி எடுத்தாளவில்லை என்பதே குறை. மேலும் இருவர் நோக்கமும் வேறு. மார்க்கோனி நீண்ட அலைகளைக் கொண்டு தூரத்தை வென்றார். கப்பலுக்கும் கரைக்கும் பேச்சுண்டாக்கினார். போஸ் குறுகிய அலைகளைக் கொண்டு அவற்றின் இயல்பை ஆராய்ந்தார். பிரான்லி, லாட்ஜ், ருஷியாவின் பொப்பாவ் என்று பலருடைய உழைப்பால் எழுந்த மாளிகை வானொலி. பாதரசக் கருவியும் சில ஆண்டுகளில் வழக்கொழிந்தது. அதற்காக வழக்காடுவோர், போஸின் தலைசிறந்த கண்டுபிடிப்பை மறந்துவிடுகின்றனர்.

அது கலீனா என்னும் ஈயக் கனிமப் படிகம். பளபளக்கும் அக்கல்லின் மேல் ஒரு கூரிய உலோக முனையை மெல்லத் தொட வைத்தால், அத்தொடுவாய் அலையை உணர்கிறது என்று போஸ் கண்டார். படிகங்களின் தொடுவாயில் மின்சாரம் இருபுறமும் ஒரே அளவாகப் பாய்வதில்லை என்பதை ஜெர்மனியின் பிரவுன் 1874-இலேயே கவனித்திருந்தார். அதனை மின்காந்த அலையை அறியும் கருவியாக ஆக்கியவர் போஸ். சைக்கிள் டியூபின் வால்வு காற்றை உள்ளே விடும், வெளியே விடாது அல்லவா? படிகத் தொடுவாயின் செய்கையும் ஏறக்குறைய அத்தகையதே. விநாடிக்குக் கோடிக்கணக்கான முறை முன்னும் பின்னும் ஊசலாடும் மின்சாரத்தை டெலிபோனுக்குள் அப்படியே விட்டால், முன்னசைவும் பின்னசைவும் ஒன்றையொன்று அழித்துவிடும். காதில் ஒன்றும் விழாது. ஒருபுறத்தை மட்டும் வழிவிட்டு மறுபுறத்தை அடைத்தால், அலை சுமந்து வந்த செய்தி மட்டும் எஞ்சி நிற்கும். போஸ் அக்கருவியை ஒரு செயற்கை விழித்திரை என்றே கருதினார். வானொலி அலை மட்டுமன்றி ஒளியும் அதன்மேல் பட்டால் அது உணர்ந்தது.

1901-இல் போஸ் இலண்டனில் இருந்தபோது, தந்திக் கம்பெனி முதலாளி ஒருவர் அவரை அணுகி, கண்டுபிடிப்புக்குப் பேட்டண்ட் எடுத்தால் பெரும் பணம் வரும், தாமே முதலிட்டு இலாபத்தில் பங்கு தருவதாக மன்றாடினார். போஸ் மறுத்து, நடந்ததை நண்பர் இரவீந்திரருக்கு வருந்திக் கடிதம் எழுதினார். ஒரு முறை பணத்தாசையில் சிக்கினால் மீள முடியாது என்பது அவர் எண்ணம். சகோதரி நிவேதிதையும் அமெரிக்க அம்மையார் ஸாரா புல்லும் விடவில்லை. அவர்களுடைய வற்புறுத்தலால் அவ்வாண்டு செப்டம்பரில் அமெரிக்காவில் படிகக் கருவிக்கு விண்ணப்பம் செய்யப்பட்டு, 1904 மார்ச் 29-இல் 7,55,840 என்ற எண்ணில் பேட்டண்ட் கிடைத்தது. குறைகடத்திப் பொருள் கொண்ட கருவிக்கு உலகில் வழங்கப்பட்ட முதல் பேட்டண்ட் அதுவே என்பர். போஸ் அதனால் ஒரு காசும் தேடவில்லை, காலாவதியாகவும் விட்டுவிட்டார்.

தமக்குரிய சம்பளத்துக்காக மூன்று ஆண்டுகள் விடாப்பிடியாக நின்ற மனிதர், தாமாக வந்த செல்வத்தை ஏன் தள்ளினார்? யான் பலமுறை எண்ணிப் பார்த்ததுண்டு. சம்பளத்தில் அவர் கேட்டது பணத்தையன்று. வெள்ளையருக்குச் சமமான மரியாதையை. பேட்டண்டிலோ, கற்றதை விற்பதாக அவர் கருதினார். இரண்டிலும் மானமே அவருக்கு அளவுகோல். அவருடைய துறவை வணங்குகிறேன். ஆயினும் நிவேதிதையின் பக்கமே என் மனம் சாய்கிறது. தம் ஆராய்ச்சி நிலையத்தை எழுப்ப அவர் ஆயுட்காலச் சேமிப்பைக் கொட்டி, பிறரிடமும் நன்கொடை திரட்ட வேண்டியதாயிற்று. படிகக் கருவியின் வருவாய் அதற்கு உதவியிருக்கும். அக்கருவியை இந்நாட்டிலேயே செய்து விற்கும் தொழிற்சாலை ஒன்றும் எழுந்திருக்கலாம்.

போஸை அலைகளிடமிருந்து தாவரங்களிடம் கொண்டு சேர்த்ததும் அந்த ஏற்புக் கருவியே. தொடர்ந்து அலை பட்டால் அது சோர்ந்துவிடுகிறது, ஓய்வு கொடுத்தால் தெளிகிறது என்று கண்டவருக்கு, உலோகத்துக்கும் உயிருக்கும் இடையே கோடு எங்கே என்ற ஐயம் எழுந்தது. 1900-இல் பாரிஸ் பௌதிக மகாநாட்டில் இதைப் பேசினார். 1902-இல் நூலாக வெளியிட்டார். உடலியல் வல்லுநர்கள் சினந்து எதிர்த்தனர். அவருடைய கட்டுரையை ராயல் சொஸைட்டி அச்சிடாமல் நிறுத்திவைத்ததும் உண்டு. 1920-இல் அதே சொஸைட்டி அவரை அங்கத்தினராகத் தேர்ந்தெடுத்தது. செடியின் வளர்ச்சியைப் பதினாயிரம் மடங்கு பெருக்கிக் காட்டிய அவருடைய கிரெஸ்கோகிராப் கருவியைப் பற்றி நம் பிள்ளைகள் பாடப் புத்தகத்திலேயே படித்திருப்பர், விரித்துரைக்க வேண்டுவதில்லை.

1917-இல் ஸர் பட்டம் பெற்றார். அவ்வாண்டு நவம்பர் 30-ஆம் நாள், தம் பிறந்த நாளிலேயே, கல்கத்தாவில் போஸ் ஆராய்ச்சி நிலையத்தைத் திறந்துவைத்தார். 1937 நவம்பர் 23-இல், எழுபத்தொன்பதாம் வயது நிரம்ப ஒரு வாரம் இருக்கையில், கிரிடி என்னும் ஊரில் காலமானார். அபலா அம்மையார் விதவைகளுக்கும் ஏழைப் பெண்களுக்கும் கல்வியளிக்கும் பணியில் 1951-இல் தாம் மறையும்வரை ஈடுபட்டிருந்தார்.

அலையை அறியப் படிகத்தை முதலில் பயன்படுத்தியவர் போஸ் என்று, டிரான்சிஸ்டரைக் கண்டவருள் ஒருவரான பிராட்டெய்ன் 1955-இல் தம் துறையின் வரலாற்றை எழுதியபோது குறிப்பிட்டார். 5 மில்லிமீட்டர் அலையோ நெடுங்காலம் ஆராய்ச்சிக்கூடத்தை விட்டு வெளியே வரவில்லை. கம்பெனிகள் யாவும் நீண்ட அலையையே நாடின. நீண்ட அலைகளில் இடம் நெருக்கடியானபின், உலகம் மெல்ல மெல்லக் குறுகிய அலைகளை நோக்கித் திரும்பியது. குறுகிய அலை சுவரையும் மரத்தையும் கடக்கத் திணறும். ஆனால் சிறு நேரத்தில் மிகப் பெரிய செய்தியைச் சுமக்கும். 2012-இல் மின் பொறியாளர்களின் உலகச் சங்கம், போஸ் 1894 முதல் 1896 வரை நடத்திய பரிசோதனைகளைத் தன் மைல்கற்களுள் ஒன்றாக அறிவித்தது. 2022-இல் இந்திய அரசாங்கம் ஐந்தாம் தலைமுறைத் தொலைபேசிக்காக அலைவரிசைகளை ஏலம் விட்டபோது, விநாடிக்கு 2,600 கோடி அதிர்வுகள் கொண்ட வரிசையும் அவற்றுள் இருந்தது. அதன் அலைநீளம் ஏறக்குறைய 11 மில்லிமீட்டர். குளியலறையை ஒட்டிய அச்சிற்றறையில் போஸ் எழுப்பிய அலைகள் 5 மில்லிமீட்டர் முதல் 25 மில்லிமீட்டர் வரை.

அவர் கையாண்ட கருவிகள் பல, இன்று கொல்கத்தா என்று வழங்கும் நகரில், அவர் நிறுவிய நிலையத்திலேயே பாதுகாக்கப்பட்டுள்ளன.